நிப்பு செய்த ஊரில் கைநாட்டு

ஆடி மாத வெள்ளிக்கிழமைகளில் சாத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், இருக்கன்குடிக்குப் போகும் கூட்டம் எப்படி அலைமோதும் என்று. பேருந்து வந்து நின்றதும் சிலர் பலகையைப் பார்த்து ஏறுவார்கள். சிலர் பக்கத்தில் நிற்பவரிடம், "இது இருக்கன்குடி போகுமாங்க?" என்று கேட்டுவிட்டு ஏறுவார்கள். வெளியூர்க்காரர் கேட்பது இயல்பு. ஆனால் அதே பகுதியில் பிறந்து, அதே தடத்தில் வேலைக்குப் போய்வரும் ஒரு பெண்மணி, பலகை எதிரிலேயே இருக்கும்போதும் கேட்கிறார் என்றால் காரணம் வேறு. கண் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.

அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேரும் இடத்தில் இருக்கும் இருக்கன்குடியை நம்மில் பலரும் மாரியம்மன் கோயில் ஊர் என்ற அளவில்தான் அறிந்திருப்போம். அதைச் சுற்றியிருக்கும் சாத்தூர், சிவகாசி வட்டாரம் பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போனது. இந்த வட்டாரத்தைப் பற்றி அவ்வளவாகப் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. பந்து முனைப் பேனாக்கள் வந்து சந்தையை நிறைப்பதற்கு முன்பு, மைப்பேனாவில் பொருத்தும் நிப்பு சாத்தூரில் குடிசைத் தொழிலாகவே நடந்தது. வெள்ளரிக்காய்க்கும் சேவுக்கும் அடுத்தபடியாகச் சாத்தூருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த நிப்புதான். பக்கத்துச் சிவகாசியோ அச்சுத் தொழிலின் ஊர். நாட்காட்டி, டைரி, நோட்டுப் புத்தகம் என்று நாடெங்கும் போகும் காகிதம் அங்கே அச்சாகிறது. எழுதும் முனையும் இங்கேதான், எழுதும் தாளும் இங்கேதான். அதே வட்டாரத்தில் ஒரு தலைமுறைப் பெண்கள் கூலி நோட்டில் கைநாட்டு வைத்தே காலம் தள்ளினார்கள் என்பது சாதாரண முரண் அல்ல.

தீப்பெட்டித் தொழில் இங்கே வந்த கதை பலருக்கும் தெரிந்ததே. அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இருவர் கல்கத்தா சென்று தொழிலைக் கற்றுத் திரும்பி, 1923 வாக்கில் சிவகாசியில் தொடங்கினார்கள். மழை பொய்க்கும் கரிசல் பூமியில் அது பல்லாயிரம் அடுப்புகளை எரிய வைத்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் குச்சியைச் சட்டத்தில் செருகும் 'கட்டை அடுக்குதல்', பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் ஆகிய வேலைகளுக்குச் சின்ன விரல்கள் போதும் என்று தொழில் கண்டுகொண்டது. விடியுமுன்னே கிராமத்துக்கு வண்டி வரும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 'தீப்பெட்டி ஆபீசு'க்கும் 'பயராபீசு'க்கும் போகும். இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். நடுவில் பள்ளிக்கூடம் என்று ஒன்று இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு அது ஜன்னல் வழியே கடந்து போகும் ஒரு கட்டடம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தீப்பெட்டிகளிலும் பட்டாசுக் கட்டுகளிலும் மயில், சேவல், அணில் என்று படங்களாகவே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். படிக்கத் தெரியாத வாடிக்கையாளரும் "மயில் மார்க் குடுங்க" என்று கேட்டு வாங்க அந்தப் படம் உதவியது. ஒட்டுபவருக்கும் படம்தான் அடையாளம், வாங்குபவருக்கும் படம்தான். நடுவில் அச்சடிக்கப்பட்ட எழுத்து யாருக்காக என்று கேட்டால் பதில் சொல்வது கடினம்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. 1988இல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கப்பட்டு, வேலையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடத்தப்பட்டன. சிவகாசிக் குழந்தைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்தது. அபாயகரமான வேலையில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நல நிதிக்குச் செலுத்த வேண்டும், குழந்தைக்குப் பதில் அந்தக் குடும்பத்தின் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு முயல வேண்டும், அது இயலாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாயை அந்த நிதியில் சேர்க்க வேண்டும் என்றது. பிறகு கல்வி உரிமைச் சட்டமும் வந்தது. இன்று இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் போவதைக் காண்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், பெரிய மாற்றம்.

ஆனால் சட்டம் வரும் முன்பு வேலைக்குப் போன பிள்ளை என்ன ஆனாள்? 1985இல் பத்து வயதில் கட்டை அடுக்கிய சிறுமிக்கு இன்று ஐம்பதை ஒட்டிய வயது. அவர்தான் இன்று ஒரு வீட்டின் உம்மா, ஒரு பேத்தியின் நன்னிம்மா. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஆண்களின் எழுத்தறிவு 86.77 சதவீதம், பெண்களுடையது 73.44 சதவீதம். ஏறத்தாழ நான்கில் ஒரு பெண் விடுபட்டுப் போனார் என்று பொருள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். கூட்டம் போடுகிறோம், பரிசு கொடுக்கிறோம். அந்தப் பிள்ளையின் முன்னேற்ற அறிக்கையில் கையெழுத்துப் போட முடியாமல் "அத்தா வரட்டும்" என்று சொல்லும் தாயைப் பற்றிப் பேசுவதே இல்லை.

சுவரில் என்ன எழுதியிருக்கிறது?

வாசிக்கத் தெரியாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. வேலை நடக்கிறது, கூலி வருகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். சரிதான். பட்டாசு ஆலையையே எடுத்துக்கொள்வோம்.

ஆலையின் ஒவ்வொரு அறைக்கும் ஒரு வரம்பு உண்டு. அந்த அறையில் என்ன வேலை நடக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து வைத்திருக்கலாம் என்பது உரிமத்தில் வரையறுக்கப்பட்டிருக்கும். அதை அறையில் எழுதியும் வைக்க வேண்டும். அந்தச் சில வார்த்தைகளும் எண்களும் உள்ளே உட்கார்ந்து மருந்து செலுத்தும் பெண்ணின் உயிரைப் பற்றியவை. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர். உள்குத்தகை, அளவுக்கு மீறிய ஆட்கள், அளவுக்கு மீறிய மருந்து என்று விபத்துக்குப் பிறகு பேசப்படுகிறது. அந்த அளவு எது என்பது விபத்துக்கு முன்பும் சுவரில்தான் இருக்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரிந்தால் விபத்தே நடக்காது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் பழியைத் தொழிலாளியின் தலையில் கட்டுவதாகிவிடும். எண்ணிக்கைக்கு இவ்வளவு என்று கூலி பேசும் இடத்தில், சுவரை வாசித்தவருக்கும் எழுந்து வெளியே போகும் துணிவு எளிதில் வராது. ஆனால் தனக்கு நடப்பது விதிமீறல் என்று தெரிந்திருப்பதும் தெரியாமல் இருப்பதும் ஒன்றல்ல. தெரிந்தவர் நாலு பேரிடம் சொல்வார். புகார் எழுதத் துணிவார். குறைந்தது, "இந்த அறைக்கு நீ போக வேண்டாம்" என்று மகளிடம் சொல்வார்.

அடுத்தது முன்பணம். திருவிழாவுக்கு, திருமணத்துக்கு, மருத்துவச் செலவுக்கு என்று ஆலையிலோ ஏஜெண்டிடமோ முன்பணம் வாங்குவது இங்கே வழக்கம். வாங்கியது எவ்வளவு, வாரா வாரம் பிடித்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்பது யாரோ ஒருவரின் நோட்டில் இருக்கும். கைநாட்டு வைத்தவர் அந்த நோட்டை நம்பித்தான் ஆக வேண்டும். எழுதியவர் நல்லவராகவே இருக்கலாம். நல்லவராக இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இங்கே நம் மார்க்கம் சொல்வதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எது? தொழுகையைப் பற்றியதல்ல, நோன்பைப் பற்றியதல்ல. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதுபவர் நீதியாக எழுத வேண்டும், எழுதத் தெரிந்தவர் எழுத மறுக்கக் கூடாது, தொகை சிறிதோ பெரிதோ சலிப்படையாமல் எழுத வேண்டும், சாட்சிகள் வேண்டும் என்றெல்லாம் அதில் விரிவாகச் சொல்லப்படுகிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர்தான் என்பதைக் கவனியுங்கள். பணம் கொடுத்தவர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ள, வாங்கியவர் விரலை மையில் தோய்ப்பது அந்த வசனம் காட்டும் முறையே அல்ல. சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பலவீனமானவரின் பக்கம் ஓர் எழுத்தறிந்தவர் நிற்க வேண்டும் என்ற ஏற்பாடு அது.

வெட்கம் எதற்கு?

பெரியவர்களை எழுத்து வகுப்புக்கு அழைத்தால் முதலில் வந்து நிற்பது வெட்கம். "இந்த வயசுல நான் போய் ஸ்லேட்டு பிடிக்கவா?" என்பார்கள். எழுத்தறியாதவர் அறிவில்லாதவர் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருப்பதுதான் இந்த வெட்கத்துக்குக் காரணம். அது பிழையான எண்ணம். எந்த மருந்து எவ்வளவு ஈரத்தில் இருந்தால் ஆபத்து என்று விரல் நுனியில் அறிந்த பெண் அறிவில்லாதவரா? நம் நபி(ஸல்) அவர்களே எழுதவோ வாசிக்கவோ கற்காத உம்மி நபி. அவர்களுக்கு வந்த முதல் வஹீயின் முதல் சொல் "ஓதுவீராக" என்பது. எழுத்தறியாமை இழிவல்ல என்பதும், எழுத்தைத் தேடாமல் இருந்துவிடக் கூடாது என்பதும் அந்த ஒரே நிகழ்வில் சேர்ந்தே இருக்கின்றன.

பத்ருப் போரில் பிடிபட்ட மக்காக் கைதிகளில் பணமில்லாத, ஆனால் எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வழி தரப்பட்டது: மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக் கொடுத்துவிட்டு விடுதலை பெறலாம். ஆளுக்குப் பத்துப் பிள்ளைகள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. நேற்று வாளுடன் வந்தவரிடம் இன்று பிள்ளையை எழுத்துக்கு அனுப்பியது அந்தச் சமூகம். ஷிஃபா பின்த் அப்துல்லாஹ்(ரலி) என்ற பெண்மணி, அன்னை ஹஃப்ஸா(ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக் கொடுத்த செய்தி அபூதாவூத் நூலில் இருக்கிறது. ஹஃப்ஸா(ரலி) அவர்கள் நபி(ஸல்) அவர்களின் துணைவியார். ஒரு பெண், இன்னொரு பெண்ணிடம் எழுதக் கற்றார். பெண்கள் கல்விக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எங்கே தேடுவது?

நம் வீடுகளில் இன்னொரு வசதியும் இருக்கிறது. அதை நாம் கண்டுகொள்வதே இல்லை. தமிழ் எழுதப் படிக்கத் தெரியாத நம் பெண்களில் கணிசமானோருக்குக் குர்ஆனை எழுத்துக் கூட்டி ஓதத் தெரியும். சிறு வயதில் உஸ்தாபியிடம் அலிஃப், பே சொன்னவர்கள். கணக்கெடுப்பில் கைநாட்டு, ஆனால் வலமிருந்து இடமாகப் பக்கம் பக்கமாக ஓதுவார்கள். ஒரு காலத்தில் இந்த எழுத்தறிவையே கொண்டு தமிழையும் வாசித்தார்கள். அரபு எழுத்தில் தமிழ் எழுதும் அரபுத் தமிழ் அதற்காகவே செழித்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அந்த எழுத்தில் நூல்கள் எழுதினார்கள். அரபுத் தமிழ் வழக்கொழிந்தபோது, தமிழ் எழுத்துக்கு மாறிக்கொள்ளாத பெண்கள் நடுவழியில் நின்றுவிட்டார்கள்.

இப்படி ஓதத் தெரிந்தவருக்கு வாசிப்பின் கடினமான பகுதி ஏற்கெனவே கடந்துவிட்டது. ஒரு கோட்டுக்கு ஓர் ஓசை, ஓசைகளைச் சேர்த்தால் ஒரு சொல் என்ற ரகசியம் அவருக்குத் தெரியும். ஸபரும் ஸேரும் பேஷும் எழுத்தின் ஓசையை மாற்றுவது போலத்தான் தமிழில் காலும் கொம்பும் சுழியும் மாற்றுகின்றன. இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று சொல்லிப் பயமுறுத்துவதை முதலில் நிறுத்த வேண்டும். பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், ஓர் ஆய்தம், கையளவு குறிகள். மற்றவை இவற்றின் சேர்க்கை.

எங்கே தொடங்குவது? 'அ' அணில் என்று குழந்தைப் பாடத்தில் தொடங்க வேண்டாம். தொண்ணூறுகளின் அறிவொளி இயக்கம் கற்றுத் தந்த நல்ல பாடம், அன்றாடம் வாயில் புழங்கும் சொல்லிலிருந்து தொடங்குவது. இந்த வட்டாரத்தில் 'பட்டாசு' என்ற ஒரு சொல் போதும். ப, ட், டா, சு. நான்கே எழுத்து. இதிலிருந்து பட்டா வரும், பசு வரும். டாவில் இருக்கும் காலை எடுத்து 'ப'வுக்குப் போட்டால் பா. சுவில் இருக்கும் உகரத்தை 'ட'வுக்குக் கொடுத்தால் டு. பாட்டு, பட்டு, பாடு, படு என்று சொற்கள் பெருகும். முதல் மாலையிலேயே ஆறேழு சொற்களைத் தானாக வாசித்துவிட்ட ஒருவர் மறுநாள் வராமல் இருக்க மாட்டார்.

அறிவொளி இயக்கத்தைச் சொல்லும்போது புதுக்கோட்டையைச் சொல்லாமல் விட முடியாது. 1991இல் அந்த மாவட்டத்தில் எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக் கொடுத்தார்கள். எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம் என்று சிரித்தவர்கள் உண்டு. பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் வந்தபோது சிரிப்பு அடங்கியது. வாசிக்கத் தெரிந்தவர் போக விரும்புவார். போக முடிந்தவருக்கு வாசிக்கத் தேவை வரும்.

குரல் செய்தியின் காலத்தில்

இப்போது ஒரு புதிய சிக்கல். கையில் செல்போன் இருக்கிறது. சவூதியில் இருக்கும் கணவர் குரல் செய்தி அனுப்புகிறார், இவரும் பேசி அனுப்புகிறார். எழுத்தே தேவையில்லை என்று தோன்றும். முன்பு அப்படி இல்லை. வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால் தெருவில் படித்த பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்ல வேண்டும். கணவன் மனைவிக்குள் இருக்க வேண்டிய சொற்கள் பத்து வயதுப் பிள்ளையின் வாய் வழியே வெளியே வரும். சில வரிகளில் அந்தப் பிள்ளை தயங்கும். கேட்பவர் தலை குனிவார். பதில் எழுதும்போதும் அப்படித்தான், சொல்ல நினைத்ததில் பாதி நெஞ்சிலேயே நின்றுவிடும். குரல் செய்தி அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது உண்மைதான். ஆனால் வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி, நகைக்கடனின் ஏல நோட்டீஸ், மாத்திரை அட்டையில் இருக்கும் காலாவதித் தேதி, கைவிரல் ரேகை கேட்கும் ஏதோ ஒரு படிவம், இவை எதுவும் குரலில் வருவதில்லை. எழுத்தறியாமை குறையவில்லை, மறைந்திருக்கிறது. மறைந்திருப்பதை ஏமாற்றுக்காரர்கள்தான் முதலில் கண்டுபிடிக்கிறார்கள்.

பயனை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால் வாசிப்பு ஏதோ கசப்பு மருந்து போலத் தோன்றிவிடும். அது அப்படியல்ல. கடைப் பலகையைப் புதிதாக வாசிக்கத் தொடங்கியவரோடு ஒரு தெருவில் நடந்து பாருங்கள். எதையும் விட மாட்டார். 'சலூன்', 'ஜெராக்ஸ்', 'இங்கே சுவரொட்டி ஒட்டாதீர்' என்று எல்லாவற்றையும் உரக்கச் சொல்வார். இத்தனை காலம் வெறும் நிறமாக இருந்த சுவர்கள் திடீரென்று பேசத் தொடங்கிவிட்டன அல்லவா? அந்தச் சந்தோஷத்தைப் படித்தவர்களாகிய நாம் மறந்தே போனோம்.

அந்தச் சந்தோஷம் எதுவரை கொண்டுபோகும் என்பதற்கு நம் சமூகத்திலேயே சாட்சி உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) பள்ளியில் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. மீதியை வீட்டிலேயே வாசித்துத் தேடிக்கொண்டார். 1938இல் அவருடைய 'காதலா கடமையா' நாவல் வெளிவந்தபோது அதற்குப் பாராட்டுரை வழங்கியவர் உ.வே. சாமிநாதையர். துவரங்குறிச்சியின் சல்மா ஒன்பதாம் வகுப்போடு வீட்டில் நிறுத்தப்பட்டவர். வாசித்து, எழுதி, 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலைத் தந்தவர். 2025இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அவர் எழுதியதில் நமக்கு உடன்பாடு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். பள்ளிக் கதவு மூடிய பிறகும் வாசிப்புக் கதவு மூடவில்லை என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. இடைசெவலில் பிறந்து பள்ளிப்படிப்பை முடிக்காத கி. ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராக இருந்ததும் இந்தக் கரிசல் மண்ணின் கதைதான்.

ஒரு பிடி அரிசி

பணம் இல்லையே, இடம் இல்லையே என்பவர்களுக்கு விருதுநகர் ஒரு பதில் வைத்திருக்கிறது. 1889இல் அங்கே தொடங்கப்பட்ட சத்திரிய வித்யாசாலா, 'பிடி அரிசி'யால் வளர்ந்த பள்ளி. வீட்டில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போடுவார்கள். சேர்ந்ததைப் பள்ளிக்காக வாங்கிச் செல்வார்கள். அந்தப் பள்ளியில் படித்த ஒரு சிறுவன் வறுமையால் ஆறாம் வகுப்போடு நின்றான். அவர்தான் 1954இல் முதலமைச்சராகி, ஊர் ஊராகப் பள்ளி திறந்து மதிய உணவும் போட்ட காமராசர். அவருடைய பிறந்த நாளான ஜூலை 15ஐக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023இல் திறக்கப்பட்டதும் அதே நாளில்தான்.

நமக்குப் பிடி அரிசி கூடத் தேவையில்லை. மத்ரஸாவில் அறை இருக்கிறது, கரும்பலகை இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது. காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் ஓதிவிட்டுப் போன பிறகு அது பூட்டித்தான் கிடக்கிறது. புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத யாரும் சேரலாம். கற்பிப்பவர்கள் தன்னார்வலர்கள். முடிவில் ஒரு எளிய தேர்வு, தேறினால் சான்றிதழ். பக்கத்து அரசுப் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும். ஜமாஅத் நிர்வாகிகள் மஹல்லாவில் வீடு வீடாகப் போய் ஒரு பட்டியல் எடுத்தால் போதும். போவது பெண்களாக இருந்தால் நல்லது. "எழுதத் தெரியுமா?" என்று கேட்காமல், "வகுப்பு வைத்தால் எந்த நேரம் தோதாக இருக்கும்?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்விக்கு எல்லோரும் தெரியும் என்றே சொல்வார்கள்.

பட்டாசு ஆலை வண்டி மஃக்ரிபை ஒட்டித்தான் ஊருக்குத் திரும்புகிறது. பிறகு உலை வைத்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, இஷா தொழுதுவிட்டு வருவதற்கு எட்டரை மணி ஆகிவிடும். ஆகவே எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிப்பதே தோது. வெள்ளிக்கிழமை விடுமுறை விட வேண்டாம், இங்கே ஆலை விடுமுறை ஞாயிற்றுக்கிழமைதான். கற்பிக்க பிளஸ் டூ படிக்கும் ஒரு மகள் போதும். ஒரு வகுப்புக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம்.